விழுகதுக்கு ஒரு புல்தரை

தூத்துக்குடியில் வீட்டு முன்னால் புல்தரை போடப்போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் தெரு என்ன செய்யும்? சிரிக்கும். எழுபத்தாறாம் வருஷம் ஜீவமணி டீச்சர் சொன்னபோதும் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த மண்ணில் மண்வெட்டியைப் போட்டால் சிப்பி ஓடுதான் கலகலவென்று வரும். முத்துக் குளித்த ஊர் என்று பேரு பெத்த பேருதான், டீச்சர் தோட்டத்தில் ஒரு முத்தையும் காணோம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தால் துப்பத்தான் வேண்டும். கீழ்க்காற்று அடித்தால் ஜன்னல் கம்பி கூட உப்புப் பூத்துப் போகும். இந்தச் சீமையில் உப்பு விளையும், உடைமரம் விளையும், நெருஞ்சி முள்ளு யாரையும் கேட்காமலே விளையும். புல்லு எங்கே விளைய?

"மாடு ஏதும் வாங்கப் போறீயளா டீச்சர்?" என்று கேட்டாள் அருணாசலவடிவு. பக்கத்து வீட்டுக்காரி. புருஷனுக்குத் துறைமுகத்தில் கிளார்க்கு வேலை. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். அந்த மதிலில் கையை ஊன்றிக்கொண்டு பேசாவிட்டால் வடிவுக்குச் சோறு செரிக்காது.

"மாட்டுக்கு இல்லளா. எங்க வீட்டு சாருக்கு."

"சாருக்கா? சாரு என்னைக்கு டீச்சர் புல்லு திங்க ஆரம்பிச்சாவ?"

"திங்கதுக்கு இல்ல, வடிவு. விழுகதுக்கு."

வடிவு சிரிப்பைச் சட்டென்று விழுங்கிவிட்டாள். விஷயம் அவளுக்குத் தெரியும்.

டீச்சரின் புருஷன் ஜெபசீலன் சார் டிரில் மாஸ்டர். நாசரேத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் விசில், மைதானத்தின் இந்த முனையிலிருந்து "ஏலே!" என்றால் அந்த முனையில் நிற்கிற பையன் நெஞ்சை நிமிர்த்துவான். அப்பேர்ப்பட்ட மனுஷன், போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒருநாள் காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது கத்தி கையிலிருந்து நழுவிவிட்டது. வலது பக்கம் பூராவும் விழுந்துவிட்டது. பெத்த பிள்ளை என்று அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஜீவமணி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவரைக் குழந்தை மாதிரி பார்த்தாள். வாய் முதலில் திரும்பியது. கை அப்புறம். ஈஸ்டர் வரும்போது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கவும் தொடங்கிவிட்டார். ஆண்டவர் கண்ணைத் திறந்துவிட்டார் என்று சபையில் ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சனியன் பிடித்த காலை வந்தது. முன்னறையில், வழுவழு சிமெண்டுத் தரையில், அவர் கால் மடங்கிவிட்டது. அவர் விழப் போனார், இவள் தாங்கப் போனாள், கடைசியில் ரெண்டு பேரும் விழுந்தார்கள். அவர் மேலே, இவள் கீழே. அவருக்கு முழங்கால் சிராய்ப்பு. இவளுக்கு இடது மணிக்கட்டு மளுக்கென்று ஒடிந்தது. வைத்தியர் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. "எடது கைதானே, சோறு திங்கிற கையா போச்சி?" என்று அவள் அதை அன்றோடு மறந்துவிட்டாள்.

ஆனால் அவர் அன்றோடு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டார். கெஞ்சிப் பார்த்தாள். கோபித்துப் பார்த்தாள். ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தும் பார்த்தாள். "ஒனக்கு வேற சோலி இல்லையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனாலே போதும், நாற்காலியின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வார்.

டாக்டர் வந்து காலை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். வாசலுக்கு வந்தபின் டீச்சரிடம் உள்ளதைச் சொன்னார். "காலுல பெலன் வந்தாச்சும்மா. மனுஷன் பயப்படுறாரு. இப்படியே உக்காந்திருந்தா சதை வத்திக் காலு குச்சியாயிரும். வரப்போற மழைக்காலம் முடியுறதுக்குள்ள நடந்தாத்தான் உண்டு. அதுக்கப்புறம் என்கிட்ட மருந்து கிடையாது."

அந்த டாக்டர் வீட்டு முன்னால் ஒரு சின்னப் புல்தரை இருந்தது. மருந்துச் சீட்டு வாங்கப் போன ஜீவமணி, அவர் பேரப்பிள்ளை நடை பழகுவதைப் பார்த்தாள். தத்தக்கா பித்தக்கா என்று நடக்கும், பொத்தென்று விழும், சிரிக்கும், மறுபடி எழுந்திருக்கும். அதே பிள்ளை சிமெண்டுப் படியில் விழுந்தபோது ஊரைக் கூட்டியது. அட, இதுதானா சங்கதி என்று அவளுக்குப் பட்டது. மனுஷன் விழுகதுக்குப் பயப்படுறாரு. விழுந்தா வலிக்காதுன்னா எதுக்குப் பயப்படப் போறாரு? ஆளை மாத்த முடியலேன்னா தரையை மாத்த வேண்டியதுதான்.

முற்றத்து மணலில் பழக்கலாமே என்று வடிவு சொன்னாள். சொல்லுகதுக்கென்ன! மணலில் கால் புதையும். சூட்டில் கொப்பளிக்கும். உள்ளே நெருஞ்சி ஒளிந்து கிடக்கும்.

ஜீவமணியின் தங்கச்சி பிளாரன்ஸ் கொடைக்கானலில் நர்ஸ். அக்கா கேட்டாள் என்று ஈரச் சாக்கில் சுற்றி மலைப்புல்லைக் கட்டுக் கட்டாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவைத்தாள். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. ஜெபசீலன் சாருக்கே முகம் மலர்ந்துவிட்டது. "இது தொரைமாரு பங்களாவுல போடுற புல்லுல்லா!" என்றார். சின்ன வயசில் மிஷன் பங்களா வேலிக்கு வெளியே நின்று பார்த்த புல். அந்த மரியாதை அவருக்கு இன்னும் போகவில்லை.

டீச்சர் மண்ணைக் கொத்தி, நட்டு, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரைப் பூவாளியால் பூப்போலத் தெளித்தாள். நல்ல பிள்ளை வளர்ப்பு! கொஞ்ச நாளில் நுனியெல்லாம் தீயில் வாட்டியதுபோலக் கருகியது. மண்மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்தது. வடிவு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், புல்லு போடுதீயளா, உப்பளம் போடுதீயளா?"

கிணற்றுத் தண்ணீர்தான் கொல்லுகிறது என்று நினைத்து, தெருக் குழாயில் வந்த ஆற்றுத் தண்ணீரை ரெண்டு குடம் ஊற்றினாள். அவ்வளவுதான், தெருப் பொம்பிளைகள் பிடித்துக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணியில்லாம நாங்க இங்கன நாயாப் பேயா நிக்கோம், டீச்சரம்மா புல்லுக்கா ஊத்துதீய? ஜீவமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். மலைப்புல் மொத்தமும் காய்ந்து, காற்றில் பறந்து, வடிவு வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தது.

"விட்டுரு ஜீவமணி," என்றார் சார், ஜன்னலோரத்திலிருந்து. புல்லைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா, தெரியவில்லை. விடுகதாவது! அவள் பேர் ஜீவமணி.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பச்சையாக என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள். ஒன்றும் இல்லை. உப்பளத்துப் பாதையோரம் மட்டும், துறைமுகத்து லாரிகள் ஏறி ஏறி இறங்குகிற இடத்தில், ஆடு கடித்தது போக மிச்சமாக, ஒரு புல் மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தாள். அருகம்புல். "அட கழுத, இத்தன நாளா என் காலடியிலயா கெடந்தே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சைக்கிளில் போன ஒரு ஆள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

முந்தானையில் ஒரு பிடி முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்கு வந்த வரவேற்பைக் கேட்க வேண்டுமே!

"ஏளா, இது பிள்ளையாருக்குப் போடுற புல்லுல்லா?" ஜெபசீலன் சார் நாற்காலியில் நிமிர்ந்தார். "மூணு தலைமுறையா வேதக்காரங்க நாம. நம்ம வீட்டு முகப்புல இதையா நட்டு வைக்கப்போறே? சபை ஐயரு வந்து பாத்தா என்ன நினைப்பாரு?"

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு ஒரு கூச்சல். "டீச்சர், ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? எங்க அய்யா ஆயுசு பூரா இந்த எழவெடுத்த அருகைக் கொத்திக் கொத்தியே முதுகு வளைஞ்சு போனாவ. வயல்ல ஒரு கணு கெடந்தா போதும், வெட்டிப் போட்டாலும் முளைக்கும், வெயில்ல காயப் போட்டாலும் முளைக்கும். அதுக்குப் போயி தண்ணி ஊத்தி வளக்கப் போறீயளா? எங்க அய்யா காதுல விழுந்தா என்னைய ஒங்க கூடப் பேச விடமாட்டாவ!" வடிவுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம், ஆற்றுப் பாசனத்து வயல்காடு. அங்கே அருகு என்றால் வெள்ளாமை செய்கிற சம்சாரிக்குப் பரம்பரைப் பகையாளி.

இவருக்கு அது சாமிப் புல், அவளுக்கு அது களை. நடுவில் நின்ற ஜீவமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க பாருங்க," என்றாள் புருஷனிடம். "வேதத்துல சொல்லுற மூணாம் நாளு புல்லைப் படைக்கும்போது, இது இந்துப் புல்லு, இது கிறிஸ்தவப் புல்லுன்னு பேரு எழுதியா போட்டாரு ஆண்டவரு? எல்லாப் புல்லும் அவரு புல்லுதான். ஐயரு கேட்டா என்கிட்ட அனுப்புங்க." பிறகு மதில் பக்கம் திரும்பினாள். "நீ இங்க பாரு. வெட்டிப் போட்டாலும் முளைக்கும்னு சொன்னியே, அப்படி ஒண்ணுதான் எனக்கு வேணும். ஒங்க அய்யாவுக்குப் பகையாளின்னா எனக்குச் சொந்தக்காரன்."

என்ன இருந்தாலும் வடிவு நல்ல மனுஷி. ரெண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தவள், மூன்றாவது நாள் தன் தம்பிக்குச் சொல்லியனுப்பி ஊர்க் குளத்துக் கரம்பை மண்ணை ஒரு வண்டி கொண்டுவந்து இறக்கினாள். "வளக்கதுன்னு ஆச்சு, ஒழுங்கா வளக்கணும்லா?" என்றாள், யாரோ அவளை அடிக்க வருகிற மாதிரி.

தண்ணீர் விஷயத்தை ஜீவமணியே யோசித்துக் கண்டுபிடித்தாள். அதுவும் அடுப்படியில். கருவாடு கழுவிக்கொண்டிருந்தபோது. கருவாட்டில் உப்புப் போக வேண்டுமென்றால் தெளித்தால் போதுமா? முங்க முங்க ஊற்றி அலச வேண்டாமா? அவள் தினசரி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்த தண்ணீர் வெயிலில் காய்ந்து, உப்பைத்தான் மேலே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. வேருக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

இந்தத் தடவை மேலே வெளுத்துக் கிடந்த மண்ணை ஒரு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து அப்புறப்படுத்தினாள். கரம்பையையும் மக்கிய சாணியையும் பரப்பிக் கொத்திவிட்டாள். கிணற்றை இறைத்து இறைத்து, நிலம் நிறைந்து உப்பு கீழே இறங்கும்படி விட்டாள். பிறகு அருகங்கொடியைக் கணுவோடு துண்டு துண்டாக நறுக்கி, வரிசையாக நட்டு, வெறுங்காலால் மிதித்தாள். மேலே தென்னங்கீற்றைப் பரப்பி நிழல் கொடுத்தாள். தளிர் தலைகாட்டியதும் கீற்றை எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் தினசரி தண்ணீர் கிடையாது. இலை சுருளுகிற வரைக்கும் காத்திருந்து, பொழுது சாயும் நேரத்தில் ஒரேயடியாக வயிறு நிறைய ஊற்றுவாள். அதே உப்புத் தண்ணீர்தான். அருகு முகம் சுளிக்காமல் குடித்தது.

படர்ந்தது பாருங்கள்! ஒரு கணுவிலிருந்து நாலு பக்கமும் கையை நீட்டி, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, மண்ணே தெரியாமல் போயிற்று. அரிவாளால் அறுத்துவிடும்போது வடிவு மதிலோரம் நின்று கத்துவாள். "ஒட்ட அறுக்காதீய! வெயிலு வேரைச் சுட்டுரும்! ரெண்டு விரக்கடை உசரம் விடுங்க!" பரம்பரைப் பகையாளிக்கு அவள் இப்போது வக்கீல் ஆகிவிட்டாள். நெருஞ்சி முளைத்தால் ஜீவமணி கையால்தான் பிடுங்குவாள். பிடுங்கிய இடத்தில் வெறுங்காலால் நடந்து பார்ப்பாள். ஒரு முள் மிஞ்சினாலும் அவர் காலில் தைக்கும் என்று.

ஒருநாள் மத்தியானம் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஜீவமணி புல் நடுவில் நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, மரம் சாய்கிற மாதிரி பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தாள்.

"ஜீவமணீ!"

ஜன்னலிலிருந்து வந்த சத்தத்தில் காக்காய்கள் கலைந்து பறந்தன. ஜெபசீலன் சார் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" அவள் எழுந்து புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தாள். "வலிக்குதான்னு சும்மா விழுந்து பாத்தேன். சத்தியமாச் சொல்லுதேன், மெத்தை மாதிரி இருக்கு!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே ஒரு தடவை நீ விழுந்தே, இந்த வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்," என்றார். இந்த மனுஷன் எதுக்கு இப்படிக் கொதிக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. நோக்காட்டுக்காரர், அப்படித்தான் இருப்பார் என்று விட்டுவிட்டாள்.

ஆவணி பிறந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு அருகம்புல்லுக்கு ஊரெல்லாம் அலைந்தார்கள். காய்ந்த காலம், எங்கே கிடைக்கும்? இருந்த ஒரே இடம் வேதக்கார டீச்சர் வீட்டு முற்றம். வடிவு மதிலோரம் வந்து நின்றுகொண்டு, காலால் கோலம் போட்டாள். வழக்கமான வாயைக் காணோம். "டீச்சர்... சாருக்குப் பிடிக்காதுன்னு தெரியும். ஆனா பிள்ளையாருக்கு..."

ஜீவமணி ஜன்னலைப் பார்த்தாள். அதற்குள் தெருப் பிள்ளைகள் கேட்டைத் திறந்துகொண்டு பாய்ந்துவிட்டார்கள்.

"ஏலே! நில்லுல அங்கன!"

மைதானத்துக் குரல். எத்தனையோ மாசத்துக்கப்புறம். பிள்ளைகள் அப்படியே சிலையாக நின்றார்கள். ஜெபசீலன் சார் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து விரலை நீட்டினார். "வரிசையா வா. யாராவது வேரோட புடுங்குனீங்க, தொலைச்சிருவேன். நுனியை மட்டும் கிள்ளு. ஆமா, அப்படி. ஏ பாப்பா, அந்த மூலையில கிள்ளு, அங்கதான் கூடுதலா வளந்திருக்கு."

பிள்ளைகள் வரிசையாகக் குந்தி, நுனி நுனியாகக் கிள்ளினார்கள். பிள்ளையாருக்குப் புல் கிடைத்தது, டீச்சருக்கு அந்த வாரம் அறுக்கிற வேலை மிச்சம். வடிவு கொழுக்கட்டை கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். சார் வாங்கி வைத்துக்கொண்டார். தின்றாரா என்று ஜீவமணி கேட்கவில்லை. கிண்ணம் காலியாக இருந்தது.

இனிமேல் எழுந்துவிடுவார் என்று அவள் மனக்கோட்டை கட்டினாள். எங்கே? ஐப்பசி மழை வந்தது, நல்ல தண்ணீரைக் கண்டதும் புல் கும்மென்று பொங்கியது. நாற்காலியை வடிவும் அவளும் சேர்ந்து புல்லுக்கு நடுவில் கொண்டுபோய் வைப்பார்கள். சார் செருப்பைக் கழற்றுவார். காலைப் புல்லில் வைத்து விரலை மடக்குவார், விரிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அவருக்குப் பிடித்திருக்கிறது என்று பார்த்தாலே தெரியும். ஆனால் இவள் கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்ததும், பழையபடி சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். "வேண்டாம்." அவ்வளவுதான். ஐப்பசி போய்க் கார்த்திகையும் பாதி போய்விட்டது. வலது கால் கெண்டைச் சதை தொட்டால் தொளதொளவென்று ஆடத் தொடங்கியது. டாக்டர் சொன்ன தவணைக்கு மிச்சமுள்ள நாளை அவள் விரல்விட்டு எண்ணினாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அவள் பொறுமை அறுந்துபோயிற்று.

"எதுக்கு வளத்தேன் இதை? சொல்லுங்க! ஆட்டுக்குட்டி மேய்க்கவா வளத்தேன்? கிணத்துல இறைச்சு இறைச்சுக் கை கொப்பளிச்சிருக்கு, பாருங்க. ஊரு சிரிச்சுது, தாங்கிக்கிட்டேன். தங்கச்சி புல்லு செத்துது, தாங்கிக்கிட்டேன். நீங்க விழுந்தா வலிக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு முள்ளாப் பொறுக்குனேனே! இன்னும் என்ன பயம் ஒங்களுக்கு? விழுந்தா விழுங்க! நாந்தான் பக்கத்துல நிக்கிறேனே!"

"அதுதாம்ளா பயம்," என்றார் அவர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் குனிந்து புல்லையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் விழுகதுக்கு என்னைக்குளா பயந்தேன்? மைதானத்துல விழாத விழுகையா? அன்னைக்கு நான் ஒன் மேல விழுந்தேன். ஒன் கையி மளுக்குன்னு ஒடிஞ்ச சத்தம் என் காதுகிட்டதான் கேட்டுது. என் பாரம் பூராவும் ஒன் மேல. எந்திரிக்கவும் முடியல எனக்கு. எனக்குக் கீழ கெடந்துக்கிட்டு நீ, 'ஒங்களுக்கு அடிபட்டுருச்சா, ஒங்களுக்கு அடிபட்டுருச்சா'ன்னு கேக்கே." அவர் வாய் கோணியது. நோவினால் இல்லை. "நீ கையை நீட்டிக்கிட்டு வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம் கேக்குது. நீ பக்கத்துல நின்னா நான் நடக்க மாட்டேன் ஜீவமணி. செத்தாலும் மாட்டேன்."

ஜீவமணி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கோணல் மணிக்கட்டை அவள் என்றைக்கோ மறந்துவிட்டாள். இவர் தினமும் அதையே பார்த்துக்கொண்டு, அந்தக் கை ஏந்திவந்த தட்டிலேயே சோறு தின்றிருக்கிறார். எத்தனை மாசம்! தான் கிட்டே இருக்க வேண்டும், கிட்டே இருக்க வேண்டும் என்று இவள் ஓடி ஓடிப் போய் நின்றதுதான் அவரை எழுந்திருக்க விடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. கடவுளே, இதை ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? தானாவது ஒரு தடவை உட்கார்ந்து கேட்டிருக்கக் கூடாதா?

"அப்ப நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்டாள்.

"தூரப் போ. வாசல் கேட்டு பக்கத்துல போய் நில்லு. நான் விழுந்தா வரக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்."

"அப்ப நான் இப்படியே இருக்கேன்."

"சரி. பண்ணுதேன்."

கேட்டோரம் போய் நின்றாள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், பின்னால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி எடுக்க வந்த வடிவு, என்னமோ நடக்கிறது என்று கண்டு, ஈரத் துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். வாயைத் திறக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

ஜெபசீலன் சார் சட்டத்தில் கையை ஊன்றினார். எழுந்தார். ஆடினார். நின்றார். இடது காலை வைத்தார். வலது காலைப் புல்லின் மேலே இழுத்துக் கொண்டுவந்து வைத்தார். இன்னும் ஒரு எட்டு. ஜீவமணி மூச்சு விடவில்லை. இன்னொன்று. வலது முழங்கால் ஆட்டம் கண்டது. அவர் கை காற்றில் எதையோ தேடியது, பிடிக்க ஒன்றும் இல்லை, ஆளும் இல்லை. முன்பக்கமாக, முழு உயரத்துக்கும், தடாலென்று விழுந்தார்.

ஜீவமணியின் உடம்பு ஓடிவிட்டது, கால் ஓடவில்லை. கம்பியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். வடிவு "ஐயோ சார்!" என்று மதிலில் ஏறப் போனாள். "ஏறாத!" என்று ஜீவமணி கத்தினாள். "ஏறாத வடிவு! ஒன்னைக் கும்பிடுதேன்!"

புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் கிடந்தார். ரொம்ப நேரம் போலப் பட்டது. பிறகு தலையைத் தூக்கினார். நெற்றியில் ஈரமும் ரெண்டு புல்லும் ஒட்டியிருந்தன. முதலில் சுற்றுமுற்றும் பார்த்தார், தனக்குக் கீழே யாரும் இருக்கிறார்களா என்று பார்ப்பது மாதிரி. யாரும் இல்லை. புல்தான் இருந்தது.

"வலிக்கல," என்றார். "ஏ ஜீவமணி, வலிக்கவே இல்லளா!"

அதைக் கேட்டதும் அவள் கேட்டில் சாய்ந்தபடியே சரிந்து, தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சாதாரண அழுகையா? சவரக் கத்தி விழுந்த அன்றைக்கு அழாதது, கை ஒடிந்த அன்றைக்கு அழாதது, தெரு சிரித்தபோது அழாதது, எல்லாம் சேர்ந்து வந்தது. தோள் குலுங்குகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. எழுந்து போக வேண்டும், அவரைத் தூக்க வேண்டும் என்று நினைக்கிறாள். காலில் பெலனே இல்லை.

"ஏளா, ஏன் அழுதே? எங்கயும் இடிச்சுக்கிட்டியா?" அவர் அங்கிருந்து கேட்டார். "ஜீவமணி? ஏளா, சொல்லேன்!"

அவள் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளங்கை ரெண்டையும் புல்லில் ஊன்றினார். நல்ல காலை மடக்கி முழங்கால் போட்டார். பையன்களுக்கு ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்த மாதிரிதான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு முக்கு முக்கி, எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு காலை வைத்து, ஒரு காலை இழுத்து, ஆடி ஆடி, அழுதுகொண்டிருந்த பெண்சாதியைப் பார்த்தே நடந்தார். புல் முடிகிற ஓரத்தில் ஒரு தடவை தடுமாறினார். மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி வந்தார்.

அவள் முகத்திலிருந்து முந்தானையை எடுத்தபோது அவர் கால்கள் ரெண்டும் பக்கத்தில் நின்றன. ஈரமாக, புல் ஒட்டி, லேசாக நடுங்கிக்கொண்டு.

"அழாத," என்றார். "நாந்தான் வந்துட்டேன்லா."